வெளியிலிருந்து வந்த குரல்

"பெட்டி நம்மளுது, உள்ள இருக்கிறது அவனுது. அழுகிப்போயிருந்தா ஜனம் யாரைக் கேக்கும், சொல்லு?"

கேட்டீர்களா அக்கா? முன் சீட்டில் போனில் பேசுகிறாரே, அந்த அண்ணன்தான். பழ வியாபாரமோ என்னவோ. ஒரு வாரமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பதை அவர் எங்கேயோ யாரிடமோ சொல்கிறார்.

சாதாரணமாக நான் பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் பேசுகிறவள் இல்லை. கோவில்பட்டியில் நான் ஏறியபோது நீங்கள் பையை மடிக்கு எடுத்து இடம் விட்டீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். எனக்கு எல்லாம் மனசுக்குள்ளேயே நடந்துவிடும். ஆனால் இன்றைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீங்கள் விருதுநகர் டிக்கெட் எடுத்தீர்கள், இறங்கிவிட்டால் அப்புறம் நாம் பார்க்கப்போவதில்லை. கேட்டுவிட்டு, அவள் செய்தது நியாயமா என்று மட்டும் சொன்னால் போதும்.

அவள் என்றால் சந்தனமாரி. இருபத்தெட்டு வயது. பிறவியிலேயே கண் தெரியாது. பி.ஏ., பி.எட். முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். கோவில்பட்டியில் ஒரு கிளை நூலகத்துக்கு தினமும் வந்து, அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் செய்தியும் வேலை அறிவிப்பும் வாசிப்பாள். வாசிப்பாள் என்றால், கம்ப்யூட்டர் வாய்விட்டு வாசிக்கும், அவள் கேட்பாள். அந்த வாசிக்கிற குரலை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அதை இப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் மதுரையில் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். அரசி என்று கூப்பிடுவார்கள், முழுப்பெயர் மங்கையர்க்கரசி. கம்ப்யூட்டர் வாங்கினால் விண்டோஸ் போட்டுத் தருவார்கள் இல்லையா, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதிலிருந்து நூலகங்களுக்கென்று நாங்கள் ஒன்றைக் கட்டியிருக்கிறோம். தும்பை என்று பெயர். உலகத்தில் யார் யாரோ எழுதிய மென்பொருளை எடுத்து, சரிபார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு பேக்கேஜாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் அடக்கித் தருவோம். நூலகர் அதைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நாங்கள் ஐந்து பேர். தலைவர் சோலைராஜன் சார். நாற்பது கூட ஆகவில்லை, ஆனால் பேசினால் கேஸ் கட்டைப் பிரித்த வக்கீல் மாதிரி இருக்கும்.

அவர் வைத்த சட்டம் இரண்டு. ஒன்று, பேக்கேஜை யார் கட்டுகிறார்களோ அவர்களுடைய பெயரும் செல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். கூட்டுப் பெயர் கிடையாது, அலுவலக நம்பர் கிடையாது. இன்னொன்று கேபிள் சோதனை. அதை அப்புறம் சொல்கிறேன்.

போன ஏப்ரல். ஜூனில் ஐம்பத்திரண்டு நூலகங்களுக்குத் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. தமிழ் வாசிக்கிற குரல் மட்டும் சரியாக இல்லை. கையில் இருந்தது மூக்கால் பேசுகிற குரல், ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு கேட்பது போல இருக்கும். நல்ல குரல் ஒன்று இருந்தது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் பல வருடம் உட்கார்ந்து செய்தது. தன்னுடைய இணையதளத்தில் வைத்திருந்தார். யாரும் இறக்கிப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் தன்னைக் கேட்காமல் வேறு யாரும் எடுத்து விநியோகிக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி. அந்த அனுமதியை வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"மெயில்லாம் வேண்டாம். போன் போட்டுப் பேசு," என்றார் சார்.

நான் மெயில் போட்டேன். நல்ல மெயில் அக்கா, இரண்டு நாள் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது ஒன்று எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. தொல்லை கொடுக்கிற மாதிரி இருக்கும். அவருடைய நம்பர் தளத்திலேயே இருந்தது. ஒருநாள் மாடிப்படியில் நின்றுகொண்டு பத்து எண்ணில் ஒன்பதை அழுத்தினேன். பெரிய மனிதர், வகுப்பில் இருப்பார் என்று தோன்றியது. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அதனால் வேறு ஒரு வழி செய்தேன். பன்னிரண்டே வரி நிரல். நூலகர் பேக்கேஜைப் போடும்போது அது நேராகப் பேராசிரியரின் தளத்துக்குப் போகும், குரலை இறக்கும், கம்ப்யூட்டரில் வைத்துவிடும். நாங்கள் எதையும் விநியோகிக்கவில்லை. அவரவரே இறக்கிக்கொள்கிறார்கள். தினமும் ஒரு முறை திரும்பப் போய்ப் பார்க்கும், புதிதாக ஏதாவது வைத்திருந்தால் அதையும் கொண்டுவந்துவிடும். யாருக்கும் தொந்தரவில்லை.

கூட்டத்தில் சார் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இது பேக்கேஜ் இல்ல. உள்ள என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. வெளிய போய் வாங்கிட்டு வான்னு ஆள் அனுப்புற சீட்டு."

"ரேஷன் டோக்கன் சார்," என்றாள் பானு. அவள்தான் எனக்கு அடுத்த மேஜை. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கூட்டத்தில் குரல் எழும்பாது. நான் மெதுவாகச் சொல்வேன், பானு அதை உரக்கச் சொல்வாள். ஏதோ மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிற மாதிரி. "அரசி என்ன சொல்றான்னா சார், அவர் ஒரு பிழையைத் திருத்தினா அன்னைக்கே ஐம்பத்திரண்டு லைப்ரரிக்கும் போயிரும். நாம நடுவுல உக்காந்து ஆறு மாசம் கழிச்சுக் குடுக்கிறதுல யாருக்கு என்ன லாபம்னு கேக்குறா."

"அவர் திருத்தாம வேற எதையாவது வச்சா, அதுவும் அன்னைக்கே போயிரும்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லையாம் சார்."

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. அந்த விலாசத்தைப் பத்திச் சொல்றேன். ஆள் வீடு மாறிப் போயிருவான். விலாசம் அங்கயே கிடக்கும். நாளைக்கு அந்த வீட்டுல யாரு குடியிருப்பான்னு உனக்குத் தெரியுமா?"

நான் பானுவிடம் சொன்னேன், அவள் சொன்னாள், "கடிதத்துல என்ன இருக்குங்கிறதுக்கு தபால்காரர் பொறுப்பான்னு கேக்குறா சார்."

"தபால்காரர் கவர்மேல தன் பேரையும் நம்பரையும் எழுதுறதில்ல. நாம எழுதுறோம். ஏன் எழுதுறோம்? உள்ள இருக்கிறதைத் தொட்டுப் பாத்தது நாம்தான்னு அவங்க நம்புறாங்க."

"அப்ப இந்த வருஷம் குரலே வேண்டாம்னு விட்டுரலாமா சார்?" இது பானு தானாகக் கேட்டது. சார் சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "மே கடைசி வரைக்கும் டயம் இருக்கு. போனைப் போடு அரசி," என்று எழுந்துவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள். கண் தெரியாத அத்தனை பேர் இன்னும் ஒரு வருடம் அந்த மூக்குக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா, ஒரு கொள்கைக்காக?

இப்போது கேபிள் சோதனை. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும். சார் தன் கையாலேயே இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி, டாக்டர் ஸ்டெதஸ்கோப் போடுவது போல் கழுத்தில் போட்டுக்கொள்வார். எங்கள் போன்கள் எல்லாம் ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போய்விடும், அதன் மூலம் யாரும் நெட் எடுத்துவிடக் கூடாது. அப்புறம் ஒவ்வொருவராக சோதனைக் கம்ப்யூட்டர் முன்னால் நின்று தங்கள் பேக்கேஜைத் தாங்களே நிறுவ வேண்டும். வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாமல் எது நிற்கிறதோ அதற்குத்தான் பென் டிரைவில் இடம். பாதி ஊர்களில் நெட் வந்து வந்து போகும், அதனால் அப்படி ஒரு வழக்கம்.

என்னுடையது நாற்பத்தோராவது. அனுமதி வரவில்லை. வரவில்லை என்றால், நான் திரும்பக் கேட்கவில்லை. பேக்கேஜ் அதே பன்னிரண்டு வரிதான். காலையில் சார், "குரல் பேக்கேஜ் முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். அது உண்மைதானே. அனுமதி வாங்கியாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் முறை வந்தது. கேபிள் இல்லை, அதனால் அது தோற்கும். திரையில் சிவப்பு வரி வரும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது சொல்வதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன்.

நாலு நொடி. பச்சை வரி. நிறுவப்பட்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. போன வாரம் நான் அதே கம்ப்யூட்டரில்தான் ஒத்திகை பார்த்தேன். அப்போது இறங்கிய குரல் டிஸ்க்கின் ஒரு மூலையில் அப்படியே கிடந்திருக்கிறது. என் நிரல் வெளியே போகாமல் அதையே எடுத்து வைத்துவிட்டது. சோதனைக்கு முன்னால் கம்ப்யூட்டர்களில் கிடக்கிற பழையதையெல்லாம் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். அந்த வாரம் துடைக்கிற முறை யாருடையது என்பதை இப்போது பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

"என்னடி, பேராசிரியர் இரங்கிட்டாரா?" என்றாள் பானு. நான் சிரித்தேன். சார் பட்டியலில் டிக் போட்டுவிட்டு, "அடுத்து," என்றார்.

சார் கேட்கவில்லை. பானு கேட்டது விளையாட்டுக்கு. நான் பொய் சொல்லவில்லை அக்கா, ஒருத்தரிடமும் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஜூனில் போய்ச் சேர்ந்தது. எல்லா இடத்திலும் நன்றாக ஓடியது. நெட் இருந்த இடங்களில் குரல் தானாக இறங்கியது, இல்லாத இடங்களில் நூலகர்கள் செல்போனிலிருந்து நெட் கொடுத்து இறக்கிக்கொண்டார்கள். கோவில்பட்டி நூலகர் காசிராஜன் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்பினார். அதில்தான் சந்தனமாரி பேசியதை முதலில் கேட்டேன். "இந்தக் குரல்ல அவசரமே இல்ல. பக்கத்துல உக்காந்து ஒரு ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றாள். அதை நான் பதினோரு தடவை கேட்டேன். என்னைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னைப் பற்றி இல்லைதான், இருந்தாலும்.

தண்ணீர் வேண்டுமா அக்கா? சாத்தூரில் நிற்பான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சின்னத் தொல்லை. இறக்குகிற கோப்பு சரியானதுதானா என்று பார்ப்பதற்கு நிரலில் ஒரு வரி வைத்திருந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் உண்டு, அது பொருந்தினால்தான் உள்ளே விடும். பேராசிரியர் அங்கே இங்கே திருத்தி இரண்டு தடவை கோப்பை மாற்றினார். கைரேகை பொருந்தவில்லை. குரல் நின்றுபோய், ஒரே நாளில் ஒன்பது நூலகர்கள் என் செல்லுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பது பேர் அக்கா. அடுத்த நாள் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, திருத்தியதை நெட் வழியாக எல்லா நூலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு அழைப்பும் இல்லை. நல்ல பேக்கேஜுக்கு அடையாளம் என்ன, யாரும் கூப்பிடாமல் இருப்பதுதானே.

அக்டோபர் வந்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை. பதினொன்று பத்துக்குத் தெரியாத நம்பர் ஒன்று. பதினொன்று பதினான்குக்கு அதே நம்பர். மேஜை மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"எடுடி," என்றாள் பானு. "பொண்ணு பாக்க வர்றவங்களா இருக்கும்."

சாயங்காலம் மூன்று நாற்பதுக்கு இன்னொரு தடவை. எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று போலீஸே சொல்கிறது. அவசரம் என்றால் மெசேஜ் அனுப்பியிருக்கலாம். பார்வை இல்லாதவர்களுக்கு மெசேஜ் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று பானு அப்புறம் சொன்னாள். அப்போது எனக்கு அது யார் நம்பர் என்று எப்படித் தெரியும்?

இந்தத் திங்கள்கிழமை கோவில்பட்டி நூலகர் காசிராஜன் எங்கள் சாருக்கு போன் போட்டார். நடந்தது இதுதான். பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது குரலை ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் அதே விலாசத்தில், அதே பெயரில், மாதிரிக்கு, டெமோ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். என் பேக்கேஜ் வழக்கம்போலப் போய் அதைக் கொண்டுவந்துவிட்டது. அந்த டெமோ குரல் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஒன்றரைப் பக்கம் வாசிக்கும். அப்புறம் நின்றுவிடும். நிற்கிறேன் என்று சொல்லாது. முடிந்தது போலவே நிற்கும்.

சந்தனமாரி ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி, ஒரே ஒரு இடம். பள்ளியிலிருந்து மூன்று பக்க அறிவிப்பு வந்தது. ஊனச் சான்றிதழ் பழையதாக இருந்தால் வியாழக்கிழமைக்குள் புதியதை அனுப்ப வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில். அவள் ஒன்றரைப் பக்கம் கேட்டாள். அதில் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். சனிக்கிழமை பட்டியல் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. காசிராஜன் அறிவிப்பை எடுத்துக் கண்ணால் வாசித்துப் பார்த்தபோதுதான் மிச்சம் ஒன்றரைப் பக்கம் இருப்பது தெரிந்தது. புதிய சான்றிதழ் அத்தனை நாளும் அவள் பைக்குள் இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை கூப்பிட்டது அவள்தான். "குரல் மாறிப்போச்சு, அதான் எதுவும் கோளாறான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றாளாம்.

பள்ளியின் செயலாளர் கெட்டவர் இல்லை போலிருக்கிறது. காசிராஜனிடம் சொல்லியிருக்கிறார், "கம்ப்யூட்டர் கோளாறுன்னு வெறுமனே வந்தா தேர்வுக் குழு முன்னால வைக்க மாட்டேன். அது எல்லாரும் சொல்றது. என்ன கோளாறு, எப்படி வந்துச்சுன்னு செஞ்சவங்களே கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள மெயில்ல வரட்டும். அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா வச்சுப் பாக்குறேன்." வெள்ளிக்கிழமை என்றால் இன்றைக்கு.

சார் அன்றே அந்தப் பேக்கேஜை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொன்னார். ஐம்பத்திரண்டு கம்ப்யூட்டர்களும் ஊமையாகிவிட்டன. அதற்கு மட்டும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

நேற்று நான் கடிதம் தட்டச்சு செய்துகொண்டு போனேன். ஒரு பக்கம். 'வெளித்தளத்தில் இருந்த கோப்பு மூன்றாம் தரப்பினரால் மாற்றப்பட்ட காரணத்தால்' என்று ஆரம்பிக்கும். ஒரு தப்பும் இருக்காது, பார்க்கிறீர்களா, பையில் நகல் இருக்கிறது. வேண்டாமா, சரி.

சார் முழுவதும் வாசித்தார். பிறகு ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். மே மாதச் சோதனையின் பதிவு. நாற்பத்தோராவது வரியின் கீழ் அடிக்கோடு போட்டிருந்தார்.

"நானூத்தி எண்பது எம்.பி. குரல். கேபிள் என் கழுத்துல கிடக்கு. பென் டிரைவ்லருந்து ஏறவே ஒரு நிமிஷம் ஆகும், இது நாலு செகண்ட்ல முடிஞ்சிருக்கு. நான் பாக்கல, அது என் தப்பு, அதை நான் தனியா எழுதி அனுப்புறேன். அன்னைக்கு நீ அங்க நின்னியே, உனக்குத் தெரியுமா தெரியாதா?"

முதல்முதலாக ஒருவர் கேட்டார். நான் பானுவைப் பார்த்தேன். பானு என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் எனக்காகப் பேசவில்லை.

"தெரியும் சார்."

"அதையும் எழுது. அது இல்லாம அந்த செயலாளருக்கு இது இன்னொரு கம்ப்யூட்டர் கோளாறு. திரும்ப டைப் அடிக்க வேண்டாம், கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு நீயே நேர்ல கொண்டுபோ. அந்தப் பொண்ணுகிட்ட வாசிச்சுக் காட்டி, அது சரின்னு சொன்னபிறகு அனுப்பு. வாசிக்கிறதுக்கு அங்க மெஷின் இல்ல இப்போ."

எழுதினேன். மூன்று வரி. 'இந்தப் பேக்கேஜ் வெளித்தளத்தை நம்பியே இயங்குகிறது என்பது சோதனையின்போதே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கோப்பைச் சரிபார்க்கும் வரியை நீக்கியதும், சந்தனமாரியின் அழைப்புகளை எடுக்காததும் நான்தான்.' பால்பாயின்ட் பேனாவை அழுத்திப் பிடிப்பது என் பழக்கம். தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டது.

இன்று ஒன்றரை மணிக்கே கோவில்பட்டியில் இறங்கிவிட்டேன். நூலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு டீ ஆயிற்று. வாசலில் சந்தனமாரி இரண்டு தடவை வந்து நின்றாள். அவள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சுடிதார் துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள், மடக்குக் கோல் கையில், ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் முகத்தைத் திருப்பினாள். மூன்று மணி ஆனபிறகு நான் ரோட்டைத் தாண்டினேன்.

"மதுரையிலருந்து வர்ற அரசியா? பஸ் லேட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு பொய்தான், சின்னது.

உள்ளே ஏழெட்டு பேர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காசிராஜன் மேஜையில் ஸ்கேன் எடுக்கிற இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். மெயில்கூட அடித்து வைத்தாயிற்று, கடிதத்தை இணைக்க வேண்டியதுதான் பாக்கி. "மணி மூணேகாலாச்சு பாப்பா, சட்டுன்னு வாசிங்க," என்றார்.

"மெதுவாவே வாசிங்க," என்றாள் சந்தனமாரி. "இருக்கிறதெல்லாம் காதுல விழணும்."

வாசித்தேன். நான் நன்றாக வாசிப்பேன் அக்கா. பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன், எழுதியதைப் பார்த்து என்றால் எனக்குக் கூச்சமே இருக்காது. பேராசிரியர், கம்பெனி, ஒன்றரைப் பக்கம், எல்லாம் வாசித்தேன். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் பேப்பர் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது. அத்தனை பேரும் கேட்கிறார்கள். தட்டச்சு செய்த பகுதி முடிந்தது. அதற்குக் கீழே அந்த மூன்று வரி.

அந்த மூன்று வரி குழுவுக்காக எழுதியது. தாளில் இருக்கிறது, நான் அழிக்கவில்லை, மறைக்கவில்லை, ஸ்கேன் எடுத்தால் அதுவும் சேர்ந்துதான் போகும். குழு வாசித்துக்கொள்ளும். முன்பின் தெரியாத எட்டு பேருக்கு நடுவில் அதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று என்ன இருக்கிறது? உங்களால் முடியுமா?

நான் நிறுத்தினேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"கீழ ஒண்ணும் இல்லியே?"

"கையெழுத்து இருக்கு," என்றேன்.

கையை நீட்டினாள். கொடுத்தேன். விரல் நுனியால் தாளின் மேலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். அச்சடித்த பகுதியில் விரல் நிற்காமல் வழுக்கி வந்தது. அடிக்கு வந்ததும் மெதுவாயிற்று. இடமிருந்து வலமாக ஒரு தடவை போனாள். கொஞ்சம் கீழே இறக்கி இன்னொரு தடவை போனாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவினாள். மணி மூன்று இருபத்தைந்து.

"உங்க கையெழுத்து நாலு வரி வருமோ?" என்றாள்.

பேப்பர் மேஜையில் யாரோ சிரித்தார்கள். மதுரையிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்திருக்கிறேன், அவளுக்காக. குரல் வந்தபோது அப்படிப் பாராட்டியவள், என் குரலை ஒரு நிமிடம் நம்பியிருக்கலாம். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, நான் சொல்வேன் என்று காத்திருந்தாள், அது எனக்குத் தெரிந்தது.

பிறகு எழுந்தாள். மேஜை ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நடந்து போய்க் காசிராஜனிடம் கடிதத்தை நீட்டினாள்.

"அண்ணே, நீங்க ஒருக்கா வாசிங்க. மேலருந்து வேண்டாம். அடியிலருந்து வாசிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசி வரியில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்துக்கொண்டே மேலே போனார். அந்த மூன்று வரியும் முடிந்தபோது சந்தனமாரி, "போதும்ணே, ஸ்கேன் எடுங்க," என்றாள். எடுத்து மெயிலில் இணைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையைத் தடவி, அனுப்புகிற விசையைக் கண்டுபிடித்து, தானே அழுத்தினாள்.